முரளியின் முழங்கையும் மலையகத்தின் தராசும்

விளையாட்டு வீரர் ஒருவர் மீது குற்றச்சாட்டு எழுகிறது. அவருடைய அணி அவரைக் கைவிட மறுக்கிறது. அல்லது இன்னோர் அணி விலை கொடுத்து அவரை அழைத்துக்கொள்கிறது. அப்போது அந்த அணியின் ஆதரவாளர் என்ன செய்ய வேண்டும்? வீரர் குற்றமற்றவர் என்று வாதாடுவதா? தீர்ப்பு வரும்வரை பொறுத்திருப்பதா? அணியையே விட்டு விலகுவதா? உலகெங்கும் இரசிகர்கள் இக்கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். ஆனால் இலங்கை மலையகத் தமிழரைப் போல, ஒரே மனிதர் தொடர்பில், வெவ்வேறான இரு குற்றச்சாட்டுகளின் பேரில், இருமுறை சந்தித்தவர்கள் அரியர். அந்த மனிதர் முத்தையா முரளிதரன்.

முதற் குற்றச்சாட்டு அவருடைய முழங்கையைப் பற்றியது. இரண்டாவது அவருடைய நாவைப் பற்றியது. மெல்பேர்னிலும் கொழும்பிலும் சென்னையிலும் இருந்துகொண்டு பலர் இவற்றைப் பற்றி எழுதிவிட்டனர். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து பார்த்தால் இவ்வரலாறு எவ்வாறு தோன்றும் என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

மெல்பேர்னில் நீண்ட கை

1995 டிசம்பர் 26. மெல்பேர்ன் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான டெஸ்ட் போட்டியின் முதல் நாள். 50,000க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். 23 வயதான முரளிதரன் பந்துவீச வந்தார். பந்துவீச்சு முனையில் நின்ற நடுவர் டாரல் ஹேர், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று கூறி, மூன்று ஓவர்களுக்குள் ஏழுமுறை 'நோபால்' அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் பந்துவீச்சாளரை எதிர்முனைக்கு மாற்றினார். அங்கு நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் எந்தத் தவறும் காணவில்லை. முரளி தொடர்ந்து பந்துவீசினார். ஒரே மனிதர், ஒரே கை, ஒரே நாள். ஒரு முனையில் குற்றம், மறுமுனையில் குற்றமில்லை. இந்த முரண்பாட்டை நினைவில் வைத்துக்கொள்வோம். பிற்பாடு நடந்தவை யாவும் இதிலிருந்துதான் கிளைத்தன.

பத்து நாட்களில், 1996 ஜனவரி 5ஆம் திகதி, பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒருநாள் போட்டியில் நடுவர் ரோஸ் எமர்சன் மீண்டும் ஏழுமுறை கையை நீட்டினார். முழங்கையை மடக்கி எறிவது மிகக் கடினமான முறை என்று கருதப்பட்ட 'லெக் பிரேக்' பந்துகளை முரளி வீசிக்காட்டியபோதும் நடுவர் தம் முடிவை மாற்றவில்லை.

கிரிக்கெட்டில் எறிதல் என்பது வெறும் விதிமீறல் அன்று. அவ்விளையாட்டின் ஒழுக்க அகராதியில் அது ஏமாற்று. பந்துவீச்சாளரை 'எறிபவர்' என்று அழைப்பது அவரைக் கள்ளர் என்று அழைப்பதற்கு நிகர். முன்னைய காலங்களில் அப்பெயர் சூட்டப்பட்ட பந்துவீச்சாளர் பலரின் ஆட்டவாழ்வு அத்துடன் முடிந்திருக்கிறது. முரளியின் வாழ்வும் அவ்வாறே முடிந்திருக்கக் கூடும்.

யார் இந்த முரளி?

முரளியின் தந்தைவழிப் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி, 1920இல் தமிழகத்திலிருந்து மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். அவர் வந்த காலத்தில் தோட்டங்களில் துண்டு முறை நடைமுறையில் இருந்தது. தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடனைக் குறிக்கும் அந்தத் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. சொல்லாமல் வேலையை விட்டுப் போவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். 1921இல்தான் துண்டு முறையும் அத்தண்டனைகளும் ஒழிக்கப்பட்டன.

பின்னர் சின்னசாமி தமிழகம் திரும்பித் திருச்சிராப்பள்ளியில் குடியேறினார். மகன் முத்தையா இலங்கையிலேயே தங்கி, கண்டியில் பிஸ்கட் உற்பத்தித் தொழில் நடத்தி முன்னேறினார். அவருடைய மூத்த மகன் முரளிதரன் 1972 ஏப்ரல் 17இல் பிறந்தார். ஒன்பதாம் வயதில் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்ந்தார். முதலில் மிதவேகப் பந்துவீச்சாளராக இருந்தவர், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் அறிவுரைப்படி 14ஆம் வயதில் சுழற்பந்துக்கு மாறினார். 1992 ஆகஸ்டில் கொழும்பில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார்.

ஆகவே முரளி லயத்தில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். வசதியான வணிகக் குடும்பத்துப் பிள்ளை. பேர்பெற்ற கல்லூரியில் படித்தவர். இதைத் தோட்டத்து மக்கள் நன்கறிவர். ஆயினும் அவரைத் தம்மவர் என்று உரிமை கொண்டாடினர். அதற்குக் காரணம் உண்டு.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை 975,000 மனிதரைத் தொகை போட்டுப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று. எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. 1977 ஆகஸ்ட் வன்செயல்களில் தோட்டத் தமிழர் பெருமளவில் தாக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வவுனியாப் பக்கம் ஓடினர். அவ்வன்செயல் தம் குடும்பத்தையும் தொட்டதையும் தந்தை வெட்டுண்டதையும் முரளியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அதாவது, முரளி உலகப் புகழ் பெற்றுவிட்ட பின்னரும், அவருடைய பாட்டனாருடன் மலையேறிய மக்களின் பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் எந்நாட்டுக் குடிமகனும் அல்லர்.

இத்தகைய மக்களுக்குத் தேசிய அணி என்பது எளிதில் ஒட்டிக்கொள்ளும் பொருள் அன்று. இந்தியா வென்றால் மகிழ்கிறார்கள் என்ற பழி அவர்கள் மேல் எப்போதும் இருந்தது. முரளி வந்த பின்னர் அவர்களில் பலருக்கு இலங்கை அணியைத் தம் அணி என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது. அந்தக் காரணத்தின் மீதுதான் டாரல் ஹேரின் கை நீண்டது.

கொழுந்து நிறுவையும் அரைப்பேரும்

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். அன்றைக்கென்று நிருவாகம் விதித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரைநாள் கூலி. காலை முதல் மாலைவரை மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த பெண், கூடையைக் கொண்டுவந்து தராசில் வைக்கிறாள். நிறுவையை வாசிப்பவர் கணக்கப்பிள்ளை. ஈரத்துக்கென்று ஒரு கழிவு, கூடைக்கென்று ஒரு கழிவு. அவர் சொன்னதே நிறை. மறுத்துப் பேசினால் துரையிடம் போகலாம். ஆனால் துரையும் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தையே பார்ப்பார்.

நிறுவைக் குறைவு பற்றிய முறையீடு மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக உள்ளது. தராசு வேண்டாம் என்று தொழிலாளர் கேட்டதில்லை. தராசு சரியாக இருக்க வேண்டும், எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், வாசிப்பவர் பார்க்கும் முள்ளைத் தாங்களும் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

மெல்பேர்ன் விவகாரம் மலையகத்தை ஏன் அவ்வளவு ஆழமாகத் தைத்தது என்பதை இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள முடியும். வெள்ளைக்காரர் ஒருவர் கறுத்த தமிழ்ப் பையன் ஒருவனைப் பார்த்து, அளவுகோல் எதுவும் இல்லாமல், தம் கண்ணை மட்டும் நம்பி, நீ கள்ளன் என்கிறார். இது தோட்டத்து மக்களுக்குப் பழகிய காட்சி.

போர்க்காலத்தில் இன்னொரு பழக்கமும் அவர்களுக்கு ஏற்பட்டிருந்தது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைபார்த்த மலையக இளைஞர்கள், வடக்கையே கண்டிராதவர்கள்கூட, தமிழர் என்பதாலேயே சோதனைச் சாவடிகளில் நிறுத்தப்பட்டனர். ஐயத்தின் பேரில் தடுத்துவைக்கப்பட்டனர். 2000 அக்டோபர் 25இல் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலொன்றால் கொல்லப்பட்டபோது மலையகம் கொதித்தது. ஐயமே தண்டனைக்குப் போதுமானதாக இருந்த காலம் அது.

அக்காலத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. 1999 ஜனவரி 23, அடிலெய்ட். இங்கிலாந்துக்கு எதிரான போட்டியில் எமர்சன் மறுபடியும் முரளிக்கு நோபால் அறிவித்தார். ரணதுங்க விரலை நீட்டி நடுவருடன் வாதிட்டு, தம் அணியை எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்றார். ஆட்டம் நின்றது. பேச்சுவார்த்தைக்குப் பின் மீண்டும் தொடங்கியது. 300க்கும் மேற்பட்ட இலக்கைத் துரத்தி, மஹேல ஜயவர்தனவின் சதத்துடன் இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. ரணதுங்கவுக்கு அபராதமும் ஒத்திவைக்கப்பட்ட ஆறு போட்டித் தடையும் விதிக்கப்பட்டன. நடுவருடன் அவர் நடந்துகொண்ட முறை சரியன்று எனச் சொல்லலாம். ஆனால் சிங்கள பௌத்தக் குடும்பத்து அணித்தலைவர் ஒருவர், போர் உச்சத்தில் இருந்த வேளையில், மலையகத் தமிழர் ஒருவருக்காகத் தம் பதவியையே பணயம் வைத்தார் என்பதை மலையகம் மறக்கவில்லை.

கருவி சொன்னது என்ன?

இதுவரை நாம் பார்த்தது பாசம். பாசம் எவ்வளவு நியாயமான காரணங்களிலிருந்து பிறந்தாலும், அது சான்று ஆகாது. துரைமார் பொய் சொன்னார்கள் என்பதற்காக முரளியின் முழங்கை நேராகிவிடாது. இவ்விடத்தில் இரசிகர் உலகின் ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். முரளியை ஐயுற்றவர் அனைவரும் நிறவெறியர் என்ற பேச்சு நம்மிடையே இருந்தது. அது உண்மையன்று. அவரைக் கடுமையாக விமர்சித்தவர்களுள் முதன்மையானவர் இந்தியாவின் பெரும் சுழற்பந்து வீரர் பிஷன் சிங் பேடி. கறுப்பின மக்களின் தன்மானத்துக்காகப் பின்னாளில் உரத்துப் பேசிய மேற்கிந்தியத் தீவுகளின் மைக்கேல் ஹோல்டிங்கும் தொடக்கத்தில் ஐயுற்றவரே. குற்றம் சாட்டியவர் யார் என்பதை மட்டும் வைத்துக் குற்றச்சாட்டைத் தள்ளுவதும், குற்றம் சாட்டப்பட்டவர் யார் என்பதை வைத்து அதை ஏற்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

முரளியைக் காப்பாற்றியது இரசிகரின் ஆரவாரம் அன்று, அளவீடு. அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுமையாக நீள முடியாதது. அதனுடன் அவருடைய மணிக்கட்டும் தோளும் வழக்கத்துக்கு மாறாகச் சுழல்பவை. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் நடந்த ஆய்வுகள், எறிவதுபோன்ற தோற்றம் கண்ணுக்குத் தோன்றும் மயக்கம் என்று கூறின. சர்வதேச கிரிக்கெட் சபை அவரை விடுவித்தது. இங்கு ஒரு நயமும் உண்டு: குற்றம் சாட்டிய நாட்டின் அறிவியலாளர்களே அவருக்கான சான்றையும் அளித்தனர்.

விவகாரம் அத்துடன் ஓயவில்லை. 2004இல் அவருடைய 'தூஸ்ரா' பந்து குறித்து ஆட்ட மத்தியஸ்தர் கிறிஸ் புரோட் முறைப்பாடு செய்தார். பேர்த் நகரில் நடந்த சோதனையில் அப்பந்தை வீசுகையில் முழங்கை 14 பாகை நிமிர்வது தெரிந்தது. பயிற்சிக்குப் பின் அது சுமார் 10 பாகையாகக் குறைந்தது. அப்போதைய விதியோ சுழற்பந்துக்கு 5 பாகை மட்டுமே அனுமதித்தது. மிதவேகத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10. ஆகவே, அன்றைய விதிப்படி அந்த ஒரு பந்து எல்லை மீறியதே. இதை மறைப்பதில் பயனில்லை. அப்பந்தை வீச வேண்டாம் என்று அவருக்கு அறிவுறுத்தப்பட்டது. அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்ட் 2004 மே மாதத்தில் அவரை எறிபவர் என்றே பகிரங்கமாகச் சொன்னார். அவ்வாண்டு யூலை அவுஸ்திரேலியப் பயணத்துக்கு முரளி போகவில்லை.

பின்பு சபை ஒரு காரியம் செய்தது. முரளியை மட்டும் அளப்பதை விட்டுவிட்டு, எல்லாரையும் அளந்தது. 2004 செப்டம்பரில் இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் கிண்ணப் போட்டிகளில் பந்துவீசியோர் படமெடுக்கப்பட்டு ஆராயப்பட்டனர். ஏறத்தாழ எல்லாப் பந்துவீச்சாளரின் முழங்கையும் ஓரளவு நிமிர்கிறது என்பது தெரியவந்தது. தூய வீச்சுக்குப் பெயர்போனவர்கள்கூட 5 பாகையைத் தாண்டினர். ஏறக்குறைய 15 பாகைக்குள் நிகழும் நிமிர்வை வெறுங்கண் பிரித்தறிய இயலாது என்பதும் புலனாயிற்று. அரவிந்த டி சில்வா, ஆங்கஸ் பிரேசர், டிம் மே ஆகியோருடன் ஹோல்டிங்கும் இடம்பெற்ற குழு, எல்லாருக்கும் 15 பாகை என்ற பொது எல்லையைப் பரிந்துரைத்தது. சான்றுகளைக் கண்ட ஹோல்டிங் தம் பழைய கருத்தை மாற்றிக்கொண்டார். 2005 மார்ச் 1 முதல் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. முரளியின் தூஸ்ரா அதற்குள் அடங்கியது.

முரளிக்காகச் சட்டத்தையே வளைத்தார்கள் என்று இன்றும் கூறுவோர் உண்டு. அதற்குரிய விடை இலங்கையிலேயே இருக்கிறது. அதே 15 பாகை விதியின் கீழ் 2014இல் சசித்ர சேனாநாயக்கவும், 2018இலும் 2019இலும் அகில தனஞ்சயவும் பந்துவீசத் தடை பெற்றனர். இருவரும் இலங்கையர். தெருவில் இறங்கி யாரும் போராடவில்லை. பழைய தராசில் முள்ளை ஒருவர் மட்டுமே பார்த்தார். புதிய தராசில் முள்ளை அனைவரும் பார்த்தனர். அதனால் தீர்ப்பு பாதகமாக வந்தபோதும் ஏற்க முடிந்தது.

2007 டிசம்பர் 3இல், தம் சொந்த ஊரான கண்டியின் அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்தின் போல் கொலிங்வுட்டை வீழ்த்தி, 709ஆவது விக்கெட்டுடன் ஷேன் வார்னின் சாதனையை முரளி கடந்தார். 2010 யூலை 22இல் காலியில் பிரக்யான் ஓஜாவின் விக்கெட்டுடன் 800ஐத் தொட்டு டெஸ்ட் வாழ்வை முடித்துக்கொண்டார். மலையகத்தின் முதல் வழக்கு அங்கே முடிந்தது. தீர்ப்பு சாதகம்.

இரண்டாவது வழக்கு

2008 பெப்ரவரியில் நடந்த முதல் ஐ.பி.எல். ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 600,000 டொலருக்கு முரளியை எடுத்தது. ஒரு தோட்டத் தொழிலாளியின் பேரன், பாட்டனார் விட்டுப்போன தமிழகத்துக்கு நாயகனாகத் திரும்பினார். மூன்று பருவங்கள் மஞ்சள் சீருடை அணிந்தார். 2009 மே மாதம் வன்னியில் போர் அதன் கொடிய முடிவை எட்டிய நாட்களில் ஐ.பி.எல். தென்னாபிரிக்காவில் நடந்துகொண்டிருந்தது, முரளி சென்னைக்காக ஆடிக்கொண்டிருந்தார். 2010இல் அவ்வணி கிண்ணம் வென்றபோதும் அவர் அதில் இருந்தார்.

காற்று பின்னர் திசை மாறியது. 2013 மார்ச்சில், முதல்வர் ஜெயலலிதாவின் எதிர்ப்பை அடுத்து, இலங்கை வீரர் எவரும் சென்னையில் நடக்கும் ஐ.பி.எல். ஆட்டங்களில் ஆட முடியாது என்று முடிவாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கெமரன் யாழ்ப்பாணம் சென்று, காணாமற்போனோரின் குடும்பங்களைக் கண்டார். அவர் தவறாக வழிநடத்தப்பட்டிருக்கிறார், வடக்கில் நிலைமை மேம்பட்டிருக்கிறது என்ற கருத்தில் முரளி தொலைக்காட்சிக்குப் பேசினார். பிள்ளைகளின் படங்களை ஏந்தி நின்ற தாய்மாரின் கண்ணீரை அவர் சிறிதாக்கிவிட்டார் என்று வடக்கிலும் புலம்பெயர் நாடுகளிலும் உள்ள தமிழர் மனம் புண்பட்டனர். 2019இல் கோத்தபாய ராஜபக்சவின் சனாதிபதி வேட்புமனுவை அவர் வெளிப்படையாக ஆதரித்தார். போர் முடிந்த 2009ஆம் ஆண்டைப் பற்றி அப்போது அவர் சொன்னது புண்ணை மேலும் கீறியது.

2020 அக்டோபரில், முரளியின் வாழ்வைச் சொல்லும் '800' திரைப்படத்தில் விஜய் சேதுபதி நடிப்பார் என்ற அறிவிப்பு வந்ததும் தமிழகத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அப்பாவிகளின் கொலையைத் தாம் ஒருநாளும் ஆதரித்ததில்லை, தம் சொற்கள் திரிக்கப்பட்டன, சாவு நின்றது என்ற பொருளிலேயே 2009ஐக் குறிப்பிட்டதாக முரளி விளக்கமளித்தார். தாம் மலையகத் தோட்டத் தொழிலாளர் வழிவந்தவர் என்பதையும் எடுத்துரைத்தார். முடிவில் அவரே கேட்டுக்கொண்டபடி விஜய் சேதுபதி விலகினார். எம்.எஸ். ஸ்ரீபதி இயக்கிய அப்படம், மதுர் மிட்டல் நடிப்பில் 2023 அக்டோபரில் வெளிவந்தது.

இந்த வழக்குக்கு ஆய்வுகூடம் இல்லை. மனிதரின் சொல்லை அளக்கப் பாகைமானி கிடையாது. வன்னியில் பிள்ளையை இழந்த தாயின் நிறுவையும், கலவரத்தில் தந்தை வெட்டுண்டதைக் கண்ட பிள்ளையின் நிறுவையும் ஒன்றாக இருக்க முடியாது. மலையகத் தமிழரின் துயரம் ஈழப் போரின் துயரத்திலிருந்து வேறுபட்டது என்பதையும், மலையகத்தார் ஒருவரின் அரசியல் வடக்கத்தாருடைய அரசியலாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதையும் தமிழகத்தில் பலர் எண்ணிப்பார்க்கவில்லை. அதேவேளை, பொதுவெளியில் அரசியல் பேசியவர் பொதுவெளியில் விமர்சிக்கப்படுவதில் அநீதி எதுவும் இல்லை. மெல்பேர்னில் அவருக்கு நேர்ந்த அநீதி, கொழும்பில் அவர் பேசியதற்குக் கேடயம் ஆகாது. முழங்கை பற்றிய விடுதலை நாவுக்குப் பொருந்தாது.

மலையகம் என்ன செய்தது?

மலையகத்தின் விடையை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. வாக்குப் பெட்டியில் அது பதிவாகியிருக்கிறது. 2019 நவம்பர் 16 சனாதிபதித் தேர்தலில் கோத்தபாய ராஜபக்சவை ஆதரித்தவர் முரளி மட்டுமல்லர். மலையகத்தின் பழம்பெரும் தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவர் ஆறுமுகன் தொண்டமானும் அவர் பக்கமே நின்றார். எதிர்த்தரப்பில் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டத்தில் சஜித் பிரேமதாச பெற்றது 58 விழுக்காடு. நாடு முழுவதும் கோத்தபாய வென்றபோதும் நுவரெலியா மறுத்தது.

அம்மாவட்ட மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரே மலையகத் தமிழர் என்பதும், வாக்களிப்புக்குச் சம்பளம், வீடு, காணி எனப் பல காரணங்கள் உண்டு என்பதும் உண்மை. ஒரு விளையாட்டு வீரருக்கு எதிரான தீர்ப்பாக இதைக் கொள்ள முடியாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: மலையகம் முரளியின் 800 விக்கெட்டுகளைக் கொண்டாடியது, அவர் காட்டிய வேட்பாளரை ஏற்கவில்லை. 2017 மே 12இல் நோர்வூட்டில் திரண்டிருந்த தோட்ட மக்கள் முன் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, அம்மண் உலகுக்கு அளித்த பெருமையாக முரளியைக் குறிப்பிட்டார். அந்தப் பெருமையை இன்றும் எவரும் துறக்கவில்லை. பெருமை வேறு, பின்பற்றல் வேறு என்பதைத் தோட்டத்து மக்கள் யாரும் கற்பிக்காமலே அறிந்திருந்தனர்.

இரு ஒப்பீடுகள்

2022 நவம்பரில், உலகக் கிண்ணப் போட்டிக்காக அவுஸ்திரேலியா சென்றிருந்த இலங்கை வீரர் தனுஷ்க குணதிலக்க, பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டின் பேரில் சிட்னியில் கைதானார். இலங்கை கிரிக்கெட் நிறுவனம் உடனடியாக அவரை இடைநிறுத்தியது. 2023 செப்டம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி அல்லர் என விடுவித்தது. அடுத்த மாதம் தடையும் நீங்கியது. முரளிக்காக அணி திரண்டதுபோல் இவருக்காகவும் ஏன் திரளவில்லை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அது பொருந்தாத ஒப்பீடு. வளைந்த முழங்கையால் துன்புறும் மனிதர் எவரும் இல்லை. துடுப்பாட்டக்காரரின் விக்கெட் மட்டுமே போகும். இத்தகைய வழக்கிலோ, முறையிட்ட ஒரு பெண் எதிரே நிற்கிறாள். அங்கே இரசிகரின் கடமை கோஷமிடுவதன்று. நீதிமன்றம் தன் வேலையைச் செய்யும்வரை விலகி நிற்பதும், தீர்ப்புக்குப் பின் அதை மதிப்பதுமே.

இன்னொன்று. 2022 பெப்ரவரி ஏலத்தில் சென்னை அணி இலங்கைச் சுழற்பந்து வீரர் மஹீஷ் தீக்ஷணவை 70 இலட்சம் ரூபாவுக்கு எடுத்தது. சிங்களவர், இலங்கை இராணுவத்துடன் தொடர்புடையவர் என்று கூறி, சென்னை அணியைப் புறக்கணிக்குமாறு இணையத்தில் பெருங்குரல் எழுந்தது. அடுத்த ஆண்டே தீக்ஷணவும், கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த மதீஷ பத்திரணவும் இடம்பெற்ற சென்னை அணி கிண்ணம் வென்றது, சேப்பாக்கம் ஆர்ப்பரித்தது. 2000ஆம் ஆண்டில் பிறந்த தீக்ஷண, போர் முடியும்போது எட்டு வயதுச் சிறுவன். அவர் செய்த செயல் என்று எதுவும் சுட்டப்படவில்லை; பிறப்பும் சீருடையுமே சுட்டப்பட்டன. கொழும்புச் சோதனைச் சாவடியில் மலையகப் பையனை நிறுத்திய அதே தராசு இது; நிறுத்தப்படுபவர் மட்டுமே மாறியிருக்கிறார். அந்த எதிர்ப்பின் அடியிலிருந்த வேதனை உண்மையானது. ஆயினும் அதைக் கொண்டுபோய் வைத்த இடம் தவறு.

மலையகத்திலிருந்து தேசிய அணியில் நிலையான இடம் பிடித்த இன்னொரு தமிழரை முரளிக்குப் பின் நாம் காணவில்லை. தேயிலைச் சரிவுகளில் சமதரையே அரிது. தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் மைதானம் என்று சொல்லத்தக்கது இல்லை. முரளியைக் கொண்டாடுவோரும் கண்டிப்போரும் இதைப் பற்றிப் பேசியது குறைவு. அவருடைய புகழும் பொருளும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பயன்பட்டன, சம்பளப் போராட்டங்களின்போது அவர் குரல் எங்கே இருந்தது என்று கேட்கும் உரிமை யாரைவிடவும் அவர்களுக்கே அதிகம். கொழுந்துத் தராசின் முன் நின்று பழகியவர்கள் அவர்கள். அவரையும் அதே தராசில், கூடைக் கழிவு போடாமல், நிறுத்துப் பார்க்கட்டும்.